விடுதிக்கு வந்த மூன்றாவது அழைப்பு

மண்சரிவில் செல்போன் கோபுரங்களும் கண்ணாடி இழைக் கேபிளும் ஒன்றாகப் போன அன்று, நெடும்பாறை அணைக்கும் கீழே இருந்த உலகத்துக்கும் நடுவே மிச்சமிருந்தது ஒரே ஒரு செப்புக் கம்பி. பழைய தொலைபேசிக் கம்பி. அதன் ஒரு முனையில் ஒரு கணினி, ஒரு மோடம், எண் பலகையே இல்லாத ஒரு ரிசீவர். அவற்றுக்கு எதிரே உதவிப் பொறியாளர் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகல்தான். ஆனால் மழை இருட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஷட்டர் இயக்குபவரான காஜா மைதீன் மழைக்கோட்டோடு உள்ளே வந்து, நின்றபடியே சொன்னார்.

"மட்டம் ஏறிக்கிட்டே இருக்கு மேடம். ஷட்டரைத் தூக்கித்தான் ஆகணும்."

"எவ்வளவு நேரம் தள்ளலாம் பாய்?"

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல தள்ளினா அணையே நம்மளத் தள்ளிட்டுப் போயிரும்."

ஷட்டர் திறந்தால் தண்ணீர் நேராக ஈச்சம்பள்ளத்துக்குப் போகும். ஆற்றங்கரையில் கடைத்தெரு, வீடுகள், கொஞ்சம் தள்ளி ஆற்று வளைவில் அரசு மாணவியர் விடுதி. அங்கே நாற்பது பெண் பிள்ளைகள். விடுதியின் வார்டன் மங்கையர்க்கரசி, வல்லியின் கூடப் பிறந்த அக்கா.

முதலில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. வல்லி கணினியில் ஏ, டி, டி, டி என்று நான்கு எழுத்துகளைத் தட்டி, எண்ணைப் போட்டு, கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைத்தாள்.

"அந்தப் புள்ளி எதுக்கு?" என்றார் காஜா.

"முதல் ரெண்டு எழுத்து 'கவனி'ங்கறது. அடுத்த ரெண்டும் டயல் பண்ணச் சொல்றது. கடைசியில அரைப்புள்ளி வெச்சா, டயல் மட்டும் பண்ணிட்டு மோடம் ஒதுங்கிக்கும். நாம ரிசீவரை எடுத்துப் பேசலாம். வெக்கலேன்னா அந்தப் பக்கம் இருக்கற மோடத்தைத் தேடிக் கத்த ஆரம்பிச்சிரும். இருக்கறது ஒரு லைன். ஒண்ணு மனுஷன் பேசணும், இல்ல மெஷின் பேசணும். ரெண்டும் ஒண்ணா நடக்காது."

மறுமுனையில் ஓர் இளைஞன் எடுத்தான். அவள் விவரம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிபார்ப்பு எண் சொல்லுங்க மேடம்" என்றான். சரிபார்ப்பு எண்ணைத் தருவது நெட்வொர்க். நெட்வொர்க் சரிந்த மண்ணுக்கு அடியில் கிடந்தது. அவள் அதையும் சொன்னாள்.

"அப்ப வெறும் குரலை வெச்சு நான் எதுவும் செய்ய முடியாது மேடம். குரல் சட்டம் உங்களுக்குத் தெரியும்ல."

தெரியும். யாருடைய குரலையும் சில நிமிடப் பேச்சிலிருந்து அச்சாக வார்த்துவிடலாம் என்று ஆன பிறகு வந்த சட்டம் அது. சரிபார்க்கப்படாத குரலை நம்பி எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்கக்கூடாது. எந்தப் பள்ளியும் விடுதியும் பிள்ளைகளை வெளியே அனுப்பக்கூடாது. எந்த இயந்திரமும் ஒரு மனிதரின் குரலில் பேசக்கூடாது, பேசினால் அந்த இயந்திரத்தை உடைத்துவிட வேண்டும். அந்த இளைஞன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவன் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அடுத்து அவள் விடுதி எண்ணைத் தட்டினாள். அரைப்புள்ளி வைப்பதற்கு முன் விரல் கொஞ்சம் தயங்கியது.

அக்காவும் தங்கையும் போனில் பேசிப் பல வருஷமாகிவிட்டது. சண்டை எதுவும் இல்லை. அப்பா தனியாக இருந்த வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போன் வந்தது. "அப்பா, எனக்கு ஆக்சிடென்ட் ஆயிருச்சு, உடனே வாங்க" என்றது வல்லியின் குரல். வீட்டைக் காலி செய்து திருட நினைத்த யாரோ செய்த வேலை. அப்பா மழையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பைபாஸில் லாரி. அந்த நேரத்தில் வல்லி அணையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்த பிறகு மங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நேர்ல வா வல்லி, எத்தனை தடவை வேணாலும் வா. போன் மட்டும் பண்ணாத. உன் குரல் போன்ல கேட்டா அப்பா வண்டியை எடுக்கறதுதான் கண்ணுக்குத் தெரியுது."

மணி அடித்தது. மங்கைதான் எடுத்தாள்.

"அக்கா, வல்லி பேசறேன். வெச்சிராத. ஷட்டர் தொறக்கப் போறோம். புள்ளைங்களைக் கூட்டிட்டு உடனே மேட்டுக்குப் போயிரு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, நான்தான். சின்ன வயசுல நீ கெணத்துப் படியில விழுந்து தாடையில தையல் போட்டதை நான் யார்கிட்டயும்…"

"அதெல்லாம் எங்கயாவது எழுதிக் கெடக்கும்." மங்கையின் குரலில் கோபம்கூட இல்லை. "எடுத்துப் படிச்சிருப்பீங்க. இந்த மழையில நாப்பது பொம்பளப் புள்ளைங்களை ரோட்டுல எறக்கணும், அதானே வேணும் உங்களுக்கு? எங்க அப்பா எறங்கினாரு. நான் எறங்க மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

வல்லி ரிசீவரை வைத்தாள். பேச்சு காஜாவின் காதிலும் விழுந்திருந்தது.

"சங்கை ஊதிருவோம்" என்றார் மெதுவாக.

ஈச்சம்பள்ளத்தின் நடுவில் ஒரு சங்குக் கோபுரம் இருந்தது. அதன் உச்சியில் அபாயச் சங்கு, அடியில் ஒரு கணினி. அணையிலிருந்து மோடம் வழியாகக் குறியீடு போனால் அது சங்கை ஊதும். கூடவே, தன்னிடமுள்ள இன்னொரு லைன் மூலம் கரையோரத்தில் இருக்கும் தொலைபேசிகளைக் கூப்பிட்டு, தட்டையான இயந்திரக் குரலில் எச்சரிக்கை சொல்லும். கட்டடங்களின் வாசலில் ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும் கருவிகளும் அதனோடு கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. கடைசி ஆள் வெளியேறும் வரை விடாமல் கூப்பிடுவது அதன் வேலை. மழைக்காலம் தொடங்கும் முன்பு அதில் ஒரு புது நிரலைப் போட்டிருந்தார்கள். கேட்பவர் மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று கவனித்து, வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கும்.

வல்லி அரைப்புள்ளி இல்லாமல் டயல் செய்தாள். மோடம் கீச்சிட்டது. மறுமுனை பதிலுக்குக் கரகரத்தது. இரண்டும் ஒன்றை ஒன்று அளந்து பார்த்துக்கொண்டு ஒரு சுருதிக்கு வந்ததும் திரையில் 'கனெக்ட்' என்று விழுந்தது. அவள் குறியீட்டை அனுப்பினாள்.

*சங்கு: ஒலிக்கிறது.*

*கடைத்தெரு: நகர்கிறது.*

"அல்லா" என்று மூச்சு விட்டார் காஜா. "விடுதிக்குச் சங்கு கேக்குமா?"

"வளைவுக்கு அந்தப் பக்கம். இந்த மழையில கேக்காது."

*விடுதி: அழைப்பு.*

இருவரும் திரையையே பார்த்தார்கள். வரி மாறுவதற்கு வெகு நேரமானது போல் இருந்தது.

*விடுதி: மறுப்பு.*

வல்லி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். சற்று நேரம் எதையும் தொடாமல் இருந்தாள். பிறகு மூன்று கூட்டல் குறிகளைத் தட்டிவிட்டு மறுபடி கையை எடுத்தாள்.

"என்ன செய்யறீங்க?"

"பேச்சை நிறுத்திட்டு என்னைக் கவனின்னு மோடத்துக்குச் சொன்னேன். லைன் இன்னும் அறுந்து போகல. இப்ப ஏ, டி, ஹெச்னு அடிச்சா அறுந்துரும். அக்காவை இன்னொரு தடவை கூப்பிடலாம்."

"அறுந்தா சங்கு?"

அவருக்கும் தெரிந்ததுதான். அணையோடு இணைப்பு இருக்கும் வரைதான் சங்கு ஊதும். இணைப்பு போனால் நின்றுவிடும். சங்கு நின்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அர்த்தம். ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. வெள்ளோட்டத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தவளே வல்லிதான்.

"பாதி ஊரு இப்ப ரோட்டுல இருக்கும்" என்றார் காஜா. "மாட்டை அவுக்க, துணிமணி எடுக்கன்னு திரும்பிருவாங்க மேடம்."

"தெரியும் பாய்."

"உங்க அக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. திரையில் மோடம் அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்தது. ஏ, டி. அதுவரை அடித்துவிட்டாள். அடுத்த எழுத்து ஹெச் என்றால் லைன் அறுந்துவிடும். ஓ என்றால் பழைய பேச்சுக்கே திரும்பலாம். மறுபடி கூப்பிட்டாலும் அக்கா நம்பப்போவதில்லை என்று ஒரு மனம் சொன்னது. அது உண்மையா, தப்பித்துக்கொள்வதற்கான சாக்கா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஓ என்று அடித்தாள்.

*விடுதி: முறை மாற்றம்.*

*விடுதி: மறு அழைப்பு.*

"முறை மாற்றம்னா?" என்றார் காஜா.

"தெரியல."

அதன் பிறகு வெகு நேரம் விடுதியைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. கடைத்தெரு காலியானது. பள்ளிவாசல் தெரு காலியானது. காஜா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், ஷட்டர் அறைக்குப் போக எழுந்தார். அவர் வாசலில் இருக்கும்போதுதான் அது விழுந்தது.

*விடுதி: காலி.*

வல்லி மேசையில் தலை கவிழ்ந்தாள். காஜா சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் தரை அதிர, ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின.

விடுதியின் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீரில் போனது. மேல்தளத்தின் ஒரு பக்கச் சுவர் இடிந்து ஆற்றில் விழுந்தது. ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பாதை சரியானதும் வல்லி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்குப் போனாள். மங்கை பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் கரண்டியை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். அப்பா போன பிறகு அக்கா அவளைக் கட்டிக்கொண்டதே இல்லை.

"நல்ல வேளை நீ திரும்பக் கூப்பிட்ட வல்லி."

வல்லிக்குப் புரியவில்லை. "எப்ப?"

"முதல்ல நீ கூப்பிட்ட, நான்தான் வெச்சிட்டேன். அப்புறம் ஒரு மெஷின் கூப்பிட்டுச்சு. அதைப் பிடிச்சு ஏசினேன். இப்பதான் என் தங்கச்சி வல்லி குரல்ல பேசினீங்க, இப்ப மெஷினா, இதே குரல்ல பேசித்தானேடா எங்க அப்பாவைக் கொன்னீங்கன்னு. வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அதுக்கப்புறம் நீ கூப்பிட்ட. அழுதுட்டே பேசினியே."

"என்னக்கா சொன்னேன்?"

"மறந்துட்டியா?" மங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'அன்னைக்கு அப்பாகிட்டப் பேசினது நான் இல்லக்கா. ஆனா அது என் குரல். அதுக்காக என்னை மன்னிச்சிடுங்க. என்னை நம்ப வேண்டாம். வெளிய போய் ஆத்தை மட்டும் பாருங்க'ன்னு சொன்ன. மன்னிப்புக் கேட்டதும் எனக்கு ஆடிப் போச்சு. ஏமாத்தறவன் எவனாவது மன்னிப்புக் கேப்பானா? போய்ப் பார்த்தேன். தண்ணி நெறமே வேறயா இருந்துச்சு." பிறகு லேசாகச் சிரித்தாள். "நீங்க, வாங்க, போங்கன்னு மரியாதை வேற. என்னமோ புதுசா இருந்துச்சு. பதட்டத்துல பேசறான்னு நினைச்சேன்."

வல்லி பிறந்ததிலிருந்து அக்காவை ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை.

அன்று மாலை அணைக்குத் திரும்பியதும் காஜாவிடம் சொன்னாள். அவர் ஷட்டர் சங்கிலிக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் குரல் அந்தக் கோபுரத்துகிட்ட எப்படி வந்துச்சு பாய்?"

"மாசாமாசம் சோதனைக்குப் பேசுவீங்களே. இது நெடும்பாறை அணை, உதவிப் பொறியாளர் செண்பகவல்லின்னு. சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கே உங்க குரல்லதானே சொல்லிட்டிருந்துச்சு. யாரும் அழிச்சிருக்க மாட்டாங்க."

"அப்பா விஷயம்?"

"உங்க அக்காவே சொல்லியிருக்காங்களே, ஏசறப்ப." காஜா துணியில் கையைத் துடைத்தார். "கூட்டிக் கழிச்சுப் பார்த்திருக்கு. எந்த எடத்துல தொட்டா ஆளு அசையும்னு. அந்தத் திருட்டுப் பயலுங்களும் அதைத்தான் பார்த்தானுங்க."

"இது நல்லதுக்குச் செஞ்சுது."

"நல்லதுக்குத்தான். நான் இல்லேங்கல." அவர் சங்கிலிக்குத் திரும்பினார்.

விசாரணைக்கு சுகிர்தா என்ற அதிகாரி வந்தார். விடுதித் தொலைபேசியின் நினைவில் மூன்று அழைப்புகள் பதிவாகியிருந்தன. ஆனால் எந்த எண்ணிலிருந்து என்று சொல்ல வேண்டிய ஈச்சம்பள்ளம் தொலைபேசி நிலையம் சேற்றுக்குள் இருந்தது. கோபுரமும் தான் பேசியதைப் பதிந்து வைப்பதில்லை. மூன்றாவது அழைப்பு யாருடையது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மனிதர் பேசியிருந்தால் ஒன்றுமில்லை; வார்டன் ஆற்றை நேரில் பார்த்த பிறகுதான் பிள்ளைகளைக் கிளப்பியிருந்தாள். கோபுரம் பேசியிருந்தால் சட்டப்படி அதை உடைத்துவிட வேண்டும். இதே நிரல் ஓடும் மற்ற ஆற்றங்கரைக் கோபுரங்களையும் சேர்த்து.

விசாரணை நாள் காலையில், தாலுகா அலுவலக வராந்தாவில், வல்லி அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

"மூணாவது தடவை பேசினது நான் இல்லக்கா."

மங்கை அவளைப் பார்த்தாள்.

"கோபுரத்துல இருக்கற மெஷின். என் குரலை எடுத்துப் பேசியிருக்கு. நான் கூப்பிடல. கூப்பிட்டா சங்கு நின்னுரும். லைனை அறுக்கறதுக்குக் கையை வெச்சேன், அப்புறம் எடுத்துட்டேன். ஊருதான் முக்கியம்னு முடிவு பண்ணிட்டேன். உன்னையும் புள்ளைங்களையும் விட்டுட்டேன்."

மங்கை முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். எதிரே புளியமரத்தடியில் விடுதிப் பெண்கள் இரண்டு பேர், சாட்சிக்காக வந்தவர்கள், ஒரே பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்ப மன்னிப்புக் கேட்டது?"

"அதுவும் நான் இல்ல."

மங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள்.

வல்லி உண்மையைச் சொல்வதென்றுதான் வந்திருந்தாள். ஆனால் அதிகாரி முதலில் கேட்டது அக்காவைத்தான்.

"மூணாவது அழைப்புல பேசினது யாரு?"

"என் தங்கச்சி" என்றாள் மங்கை.

வல்லி நிமிர்ந்தாள். சுவரோரம் நின்றிருந்த காஜா தரையைப் பார்த்துக்கொண்டார்.

"உறுதியாச் சொல்றீங்களா? முதல் தடவை அவங்க பேசினப்ப நீங்களே நம்பலைன்னு சொல்லியிருக்கீங்க."

"அப்ப நம்பல. அப்புறம் நம்பினேன். கூடப் பிறந்தவ குரல் எனக்குத் தெரியாதா?"

"அணை லைன் அந்த நேரத்துல கோபுரத்தோட இணைப்புல இருந்ததுன்னு சொல்றாங்களே?"

"அந்த டெக்னிக்கல் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நடுவுல ஒரு நிமிஷம் விட்டுப் பேசியிருப்பா. எங்க அப்பா விஷயத்தைச் சொன்னா. அது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்."

சுகிர்தா வல்லியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

வல்லி அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. நேரே, அதிகாரியின் தலைக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பேசினேன்" என்றாள் வல்லி.

அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கோபுரம் தொடர்ந்து இயங்கலாம் என்று அடுத்த வாரமே உத்தரவு வந்துவிடும் என்றார் அதிகாரி. போகும்போது வல்லியின் கையைப் பிடித்து, அந்த நெருக்கடியிலும் அக்காவை விடாமல் கூப்பிட்டதற்குப் பாராட்டினார். வல்லி கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் மங்கை பிள்ளைகளை முன்னே போகச் சொன்னாள். மழை விட்டு வெயில் அடித்தது. இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

"ஏன்க்கா?"

"என்ன ஏன்? உடைச்சிட்டா அடுத்த மழைக்கு இந்தப் புள்ளைங்களை யாரு கூப்பிடுவா? நீதான் கூப்பிட முடியாதுன்னியே." அதில் குத்தல் இருந்தது. கொஞ்சதூரம் போன பிறகு குரல் தணிந்தது. "நாப்பது புள்ளைங்க உசுரோட இருக்கு வல்லி. அதுக்கு யாருக்காவது நான் நன்றி சொல்லணும்ல. மெஷினுக்குச் சொல்ல வாய் வரல. உன் பேரைச் சொல்லிட்டேன்."

"என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு." மங்கை மறைக்கவில்லை. "நான் உன் எடத்துல இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். ஆனாலும் இருக்கு. போகப் போகத்தான் போகும்."

பஸ் தூரத்தில் வளைவில் தெரிந்தது. பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள்.

"அதுல இருக்கற என் குரலை அழிச்சிரட்டுமா?" என்றாள் வல்லி. "ராத்திரியே போன் போட்டு, ரெண்டு கட்டளையில செஞ்சிரலாம்."

மங்கை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் யோசிக்கிறாளா, அந்தப் பேச்சையே தவிர்க்கிறாளா என்று வல்லிக்குத் தெரியவில்லை. பஸ் வந்து நின்று, பிள்ளைகள் ஏறி, கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

"இத்தனை வருஷமா அந்தக் குரல் எப்ப வந்தாலும் வெச்சிரணும்னு இருந்தேன்டி. இனிமே வந்தா வெக்க மாட்டேன். நீயா, அதுவான்னு கேக்கக்கூட மாட்டேன். கெளம்புன்னா கெளம்பிருவேன்." கம்பியைப் பிடித்து அடுத்த காலையும் படியில் வைத்தாள். "அப்பாவும் அப்படித்தான கெளம்பினாரு."

பஸ் நகர்ந்தது. அழிக்கச் சொன்னாளா, வேண்டாம் என்றாளா என்பது வல்லிக்கு அணைக்கு வந்து சேரும் வரையிலும் விளங்கவில்லை.